ஒரே நிறத்தில் வீடு, ஆனால் தட்டையாகத் தெரியக்கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு அறையை, அல்லது வீட்டையே, ஒரே நிறத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர். வேலை முடிந்த பிறகு "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா என்னவோ குறையுது" என்று வருபவர்களும் பெரும்பாலும் அவர்களேதான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது.

ஒரே கலர்னா எல்லாமே ஒரே ஷேடுலதான் இருக்கணுமா?

கூடாது. அப்படி இருந்தால்தான் தட்டையாகத் தெரியும். ஒரு நிறத்தை மூன்று விதமாக அளக்கலாம். அது எந்தக் குடும்பம் என்பது முதலாவது: நீலமா, பச்சையா, மஞ்சளா. எவ்வளவு வெளிர் அல்லது கருமை என்பது இரண்டாவது. எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, எவ்வளவு சாம்பல் கலந்து மங்கியிருக்கிறது என்பது மூன்றாவது. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1900-களின் தொடக்கத்தில் வகுத்த முறை இது. இன்றைக்கும் மண்ணின் நிறத்தைக் குறிக்கக்கூட இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரே நிற அறை என்றால் இந்த மூன்றில் முதலாவதை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தாராளமாக மாற்றுவது. சுவர் வெளிர் சாம்பல்நீலம், சோபா அதைவிட இரண்டு மூன்று படி அடர்த்தி, தரைவிரிப்பு கிட்டத்தட்டக் கருநீலம் என்று போகலாம். எல்லாமே நீலம்தான். ஆனால் கண்ணுக்கு ஏறி இறங்க இடம் கிடைக்கிறது.

வீடு முழுக்க வெள்ளை அடிச்சோம். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு. திரும்ப பெயின்ட் அடிக்கணுமா?

வேண்டாம், முதலில் பல்பைப் பாருங்கள். இந்தப் புகாரில் பெயின்ட்டின் குற்றம் குறைவு. பெரும்பாலான வீடுகளில் 6500 கெல்வின் வெண்மையான விளக்கு ஒன்று சீலிங் நடுவில் எரியும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு: எண் ஏற ஏற நீலம், இறங்க இறங்க மஞ்சள். 6500 நீலம் தூக்கலான வெளிச்சம். மேலேயிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழுவதால் எதற்குமே நிழல் இருக்காது. நிழல் இல்லாத இடத்தில் எந்தப் பொருளின் வடிவமும் எடுப்பாகத் தெரியாது.

2700 முதல் 3000 கெல்வின் வரையிலான பல்புகளுக்கு மாறுங்கள். நடு விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று சின்ன விளக்குகளை வேறு வேறு உயரத்தில் வைத்துப் பாருங்கள்: தரையில் நிற்பது ஒன்று, மேசை மேல் ஒன்று, சுவரில் ஒன்று. ஒரு மாலைப் பொழுது அப்படி இருந்துவிட்டு, அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பெயின்ட்டைப் பற்றி யோசிக்கலாம்.

வெள்ளையிலும் சாயல் உண்டு என்பதை மறக்க வேண்டாம். மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒன்று லேசாகக் கலந்திருக்கும். நீலச் சாயல் வெள்ளையும் 6500 கெல்வின் விளக்கும் சேர்ந்தால் வார்டுதான்.

மேட், சாட்டின், கிளாஸ் எல்லாம் கழுவுற வசதிக்குத்தானே? கலர்ல என்ன வித்தியாசம் வரப்போகுது?

கழுவும் வசதி பாதிதான். மீதிப் பாதிக்குத்தான் ஒரே நிற அறையில் மதிப்பு. மேட் பரப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். அதனால் நிறம் மென்மையாக, ஒரு பொடி தூவிய மாதிரி தெரியும். கிளாஸ் பரப்பு வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். அந்தத் திசையில் நின்றால் பளீரென்று அடிக்கும், நகர்ந்து நின்றால் அதே நிறம் இன்னும் ஆழமாக, கருமையாகத் தெரியும். ஒரே டப்பா எண், ஒரே நிறம், இரண்டு பளபளப்பில் அடித்தால் இரண்டு நிறம் போலவே இருக்கும்.

எனக்குப் பிடித்த மலிவான வழி இது: சுவர் மேட், கதவும் ஸ்கர்ட்டிங்கும் (சுவரின் அடியோரப் பட்டை) ஜன்னல் சட்டமும் அதே நிறத்தில் சாட்டின் அல்லது செமி கிளாஸ், அதாவது மேட்டுக்கும் கிளாஸுக்கும் இடைப்பட்ட பளபளப்பு. புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமல் அறைக்கு ஓரங்கள் கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும். பளபளப்பு கூடக் கூட, சுவரின் மேடு பள்ளம் எல்லாம் வெளியே வரும். பட்டி சரியாகப் பார்க்காத சுவரில் கிளாஸ் அடிக்காதீர்கள்.

அப்போ டெக்ஸ்ச்சர் பெயின்ட் ஒரு சுவர்ல அடிச்சுட்டா வேலை முடிஞ்சுடும்ல?

அந்தச் சுவரில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று தெரியாமல் என்னால் ஆமாம் சொல்ல முடியாது. பிரெஞ்சு ஓவியர் பியர் சூலாஜ் 1979-லிருந்து திரை முழுக்கக் கறுப்பு மட்டுமே பூசி வரைந்தார். தடித்த கறுப்பில் சில இடங்களை வரிவரியாகக் கீறுவார், சில இடங்களை வழித்து வழவழப்பாக்குவார். கீறிய வரி ஒவ்வொன்றும் வெளிச்சத்தை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் நிழல் போடும். பார்ப்பவர் நகர நகர, சாம்பலும் வெள்ளியும் கருப்பும் மாறி மாறி வரும். நிறம் ஒன்றுதான், வேலை முழுக்க வெளிச்சத்தினுடையது. வீட்டுச் சுவரிலும் கணக்கு இதேதான். வெளிச்சம் நேருக்கு நேராக விழுந்தால் எவ்வளவு சொரசொரப்பான சுவரும் மழுங்கிப்போகும். பக்கவாட்டில் சரிந்து விழுந்தால் மெல்லிய தூரிகைக் கோடுகூடத் தெரியும்.

ஆக, ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரைவிட, ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவர்தான் டெக்ஸ்ச்சருக்கு ஏற்றது. பெரிய பெரிய சுழிகளும் அலைகளும் போடும் வடிவங்களை நான் சிபாரிசு செய்வதில்லை. ஆறு மாதத்தில் அலுத்துவிடும், எடுப்பதும் கஷ்டம். அதைவிடச் சுண்ணாம்புப் பூச்சு நல்லது. நீர்த்த சுண்ணாம்பில் கனிம நிறமி கலந்து, அகலத் தூரிகையால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோட் பல அடிப்பார்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு அது மெல்லக் கல்லாக இறுகும். மேகம் படர்ந்த மாதிரி ஏற்ற இறக்கம் தானாக வரும். ஈரத்தில் அடர்த்தியாக இருக்கும், காய்ந்தால் நன்றாக வெளுக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவரில் நேரடியாகப் பிடிக்காது, அதற்கான கனிம ப்ரைமர் போட்டாக வேண்டும்.

சுவர்ல விழுற லைட்டை எவ்வளவு தூரத்தில் வைக்கணும்?

சொரசொரப்பை எடுத்துக்காட்ட வேண்டும் என்றால் சுவரிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டருக்குள், சுவரை உரசிக்கொண்டு வெளிச்சம் இறங்கும்படி வையுங்கள். சுவர் முழுக்கச் சீராக வெளிச்சம் பரவ வேண்டும், மேடு பள்ளம் தெரியக்கூடாது என்றால் 60 முதல் 90 சென்டிமீட்டர் வரை தள்ளிப் போங்கள். சீலிங் உயரத்துக்கு ஏற்ப இது மாறும். சீலிங்கில் துளை போடுவதற்கு முன்னால், இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கையில் பிடித்துச் சுவரோரமாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிடுங்கள். எலக்ட்ரீசியன் வந்த பிறகு யோசிப்பதைவிட அது மேல்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லை. நாங்க என்ன பண்றது?

துணிதான் உங்களுக்குச் சுவர். துணியின் நெசவு வெளிச்சத்தோடு என்ன செய்கிறது என்று பாருங்கள். வெல்வெட்டில் நூல் நிமிர்ந்து நிற்கும். கையால் ஒரு பக்கம் தடவினால் வெளிறும், எதிர்ப்பக்கம் தடவினால் கருக்கும். லினனில் நூல் சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் வரும். கம்பளி வெளிச்சத்தைக் குடித்துவிடும். பட்டுப் போன்ற வழவழப்புத் துணி திருப்பித் தரும். கார்டுராய் தன் வரிகளுக்குள்ளேயே நிழல் வைத்திருக்கும். ஒரே பழுப்பில் இந்த நான்கைந்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் யாரும் அதைத் தட்டை என்று சொல்ல மாட்டார்கள்.

திரைச்சீலைக்குத் துணி எடுக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். ஜன்னல் அகலத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு அகலம் இருந்தால்தான் மடிப்பு ஆழமாக விழும். மடிப்பு என்பது மேலிருந்து கீழ்வரை ஒரு நிழல் கோடு. சுவர் நிறத்திலேயே திரை போட்டு, நல்ல மடிப்பும் விட்டுவிட்டால், பெயின்ட் வாளியைத் தொடாமலேயே ஒரு சுவர் மாறிவிடும். விளக்கு விஷயத்தில் இரண்டாவது பதிலில் சொன்னதில், சுவர் விளக்கைத் தவிர மற்ற எல்லாமே வாடகை வீட்டுக்கும் பொருந்தும், ஒன்றுக்கும் ஆணி தேவையில்லை.

குஷன், த்ரோ, கார்ப்பெட், கூடைன்னு எல்லாம் வாங்கிட்டேன். இன்னும் தட்டையாத்தான் தெரியுது.

இந்தக் கேள்விக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். போனில் அறையைப் படம் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். படம் முழுக்க ஒரே சாம்பலாக இருக்கிறதா? அப்படியானால் குறை சொரசொரப்பில் இல்லை, வெளிர் கருமை ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன இரண்டாவது அளவு அது. எவ்வளவு விதவிதமான நெசவு வாங்கினாலும், எல்லாம் ஒரே வெளிர் அளவில் இருந்தால் நாலடி தள்ளி நிற்கும் கண் அதைப் பிரித்துப் பார்க்காது. நெசவு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு, கருமை வாசலில் நிற்பவருக்கு.

பொருள் சேர்ப்பதை நிறுத்துங்கள். இருப்பதில் ஏதாவது ஒரு பெரிய பொருளை, தரைவிரிப்போ சோபா உறையோ, மூன்று படி அடர்த்தியாக மாற்றுங்கள். அப்புறம் சின்னதாக, கிட்டத்தட்டக் கறுப்பை எட்டும் அளவுக்கு அடர்ந்த பொருள் ஒன்றிரண்டு: ஒரு விளக்குத் தண்டு, ஒரு படச் சட்டம். குஷன்களில் பாதியை எடுத்துவிடலாம். உண்மையில் எடுத்துவிட்டால் நன்றாகவே இருக்கும்.

கலர் கார்டுல சாந்தமா இருந்துச்சு. நாலு சுவர்லயும் அடிச்சதும் கண்ணைக் குத்துது. கடைக்காரர் தப்பா கலந்துட்டாரா?

பெரும்பாலும் இல்லை. ஒரு பச்சைச் சுவரில் பட்ட வெளிச்சம் பச்சையாகித் திரும்புகிறது. அது எதிர்ப் பச்சைச் சுவரில் பட்டு இன்னும் பச்சையாகிறது. நாலு சுவரும் ஒன்றுக்கொன்று நிறத்தை ஏற்றிவிடும். அட்டையில் இது நடக்க வழியில்லை. எனவே பிடித்த ஷேடைவிடக் கொஞ்சம் சாம்பல் கலந்த, ஒரு படி மங்கிய ஷேடை எடுப்பது வழக்கம். சீலிங்கும் அதே நிறம் என்றால் இன்னும் கவனமாக இருங்கள்.

சோதித்துப் பார்க்க, பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை விளிம்பு விட்டு, அறையின் மூலையில் மடக்கி வையுங்கள். மூலையில் வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று பிரதிபலிக்கும், நடக்கப்போவது முன்கூட்டியே தெரியும். காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். பழைய சுவர் நிறத்தின் மேலேயே சின்னச் சின்னச் சதுரமாக அடித்துப் பார்ப்பது ஏமாற்றும், பழைய நிறம் பக்கத்தில் நின்று புதியதைத் திரித்துக் காட்டும்.

சோபா துணி கடையில சுவரோட அச்சு அசலா பொருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் வேற கலர்!

துணியில் இருக்கும் சாயமும் பெயின்ட்டில் இருக்கும் நிறமியும் வேறு வேறு. ஒரு விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றாகத் தெரியும், இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும். இதைத் தடுக்க முடியாது, குறைக்கலாம். துணியின் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் பல்பின் கீழேயே பாருங்கள். பல்பு பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும். நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு அது, 100 அதன் உச்சம். 90-க்கு மேல் இருப்பதாக வாங்கினால் இந்தத் தொல்லை கொஞ்சம் அடங்கும், ஒரே நிறத்துக்குள் இருக்கும் நுண்ணிய வேறுபாடுகளும் நன்றாகத் தெரியும்.

வெள்ளை வீட்டில் இதற்கு ஒரு தனிக் கிளை உண்டு. பல வெள்ளைத் துணிகளிலும் சலவைத் தூளிலும் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. அது பகல் வெளிச்சத்திலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக வெளிவிடும். அதன் பக்கத்தில் உங்கள் அழகான கிரீம் சுவர் அழுக்காகத் தெரியும். அந்த இடத்தில் வெண்மையாக்காத இயல்பு நிறத் துணி போடுங்கள்.

நான் சொல்வது: பொருத்தவே முயலாதீர்கள். கிட்டத்தட்டப் பொருந்தி நூலிழையில் தவறுவதுதான் தவறாகத் தெரியும். இரண்டு படி வித்தியாசம் வேண்டுமென்றே விட்டால் அது தேர்வாகத் தெரியும்.

தரையும் கதவும் மரம். மரக் கலர் இருந்தா ஒரே கலர் வீடுன்னு சொல்ல முடியுமா?

தாராளமாக. மரத்தின் சாயலை மட்டும் பாருங்கள். சிவப்பு ஓடும் மரம், மஞ்சள் ஓடும் மரம், சாம்பல் ஓடும் மரம் என்று உண்டு. பழுப்பு, கிரீம், மண் நிற வீடுகளில் மரம் அதே குடும்பம்தான், அதன் ரேகைகள் இலவசமாகக் கிடைத்த டெக்ஸ்ச்சர். நீல வீட்டில் சிவப்பு ஓடும் மரம் சண்டை போடும். மாற்ற முடியாவிட்டால் பெரிய விரிப்பால் பாதியை மூடிவிடுங்கள்.

சின்ன ரூம். சீலிங், கதவு, சுவர் எல்லாம் ஒரே கலர்ல அடிச்சா இன்னும் நெருக்கமாத் தெரியாதா?

அநேகமாக நேர்மாறாக நடக்கும். வெள்ளை சீலிங் இருந்தால் சுவர் எங்கே முடிகிறது என்று கண் கோடு போட்டுப் பார்க்கும். அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் ஓரம் எங்கே என்று சட்டென்று பிடிபடாது, அறை கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும். மூன்றாவது பதிலில் சொன்ன பளபளப்பு வித்தியாசத்தை இங்கே கட்டாயம் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் பெட்டிக்குள் உட்கார்ந்த உணர்வு வரும். சீலிங் எப்போதும் மேட்.

கரும்பச்சை, கருநீலம், அடர் சிவப்புன்னு போகலாமா? பயமா இருக்கு.

போகலாம். ஆனால் வெளிர் அறையின் உத்தி இங்கே செல்லாது. மேட்டாக அடித்த அடர் நிறம் வெளிச்சத்தை விழுங்குவதால் சொரசொரப்பின் நிழல் அதற்குள்ளேயே மறைந்துவிடும். கருப்பின் மேல் கருநிழல் விழுந்தால் யாருக்குத் தெரியும்? இங்கே ஆழம் தருவது மினுமினுப்பு: வெல்வெட், மெருகேற்றிய மரம், பித்தளை, கண்ணாடி, கிளாஸ் அடித்த கதவு. சுவர் மேட்டாகவும் இவை மினுக்கமாகவும் இருக்கட்டும்.

சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சம் மங்கும்போது நம் கண் நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்துவிடும், சிவப்பு வேகமாகக் கறுத்துவிடும். செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 1819-ல் கவனித்துச் சொன்ன விஷயம். அடர் சிவப்பு அறையில் மங்கலான விளக்கு வைத்தால் சிவப்பு போய்க் கறுப்பு மிஞ்சும். கருநீலத்துக்கு அந்த அளவு ஆபத்து இல்லை.

டிவி மட்டும் கறுப்பா ஓட்டை போட்ட மாதிரி தெரியுது.

அந்தச் சுவரை மட்டும் உங்கள் நிறத்தின் மிக அடர்ந்த ஷேடில் அடியுங்கள். கருமை வித்தியாசம் குறைந்ததும் டிவி பின்வாங்கிவிடும்.

சொரசொரப்பு, சுவர்ல பதிக்கிற வரிப் பலகைன்னா தூசி சேருமே? சின்னப் பிள்ளைங்க வேற இருக்காங்க.

சேரும். அதனால் இடம் பிரித்து வையுங்கள். கை படும் உயரம் வரை கழுவக்கூடிய சாட்டின் அல்லது துடைக்கத் தாங்கும் மேட், அதற்கு மேலே சுண்ணாம்புப் பூச்சோ டெக்ஸ்ச்சரோ. இரண்டையும் பிரிக்க ஒரு சென்டிமீட்டர் தடிமனில் மரச் சட்டம் ஒன்று, அதே நிறத்தில். அந்தச் சட்டமே ஒரு நிழல் கோடு தந்துவிடும். வரிப் பலகை போடுவதானால் வரிகள் செங்குத்தாக இருக்கட்டும், கிடைமட்ட வரியில் தூசி தங்கும்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு இடத்துல மட்டும் டச்சப் பண்ணினேன். திட்டாத் தெரியுது, அதே டப்பாதான்.

சுவர் வெயிலில் கொஞ்சம் வெளுத்திருக்கும், டப்பாவுக்குள் இருந்தது வெளுக்கவில்லை. பலவண்ண வீட்டில் கண்டுகொள்ள மாட்டோம். ஒரே நிற வீட்டில் கண்ணுக்கு வேறு வேலை இல்லை, உடனே பிடித்துவிடும். மேட்டில் திட்டு ஓரளவு கலந்துவிடும், பளபளப்பு ஏற ஏற மறைப்பது கடினம். திட்டை மட்டும் தொடாமல் மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் அடித்துவிடுங்கள். முதல்முறை அடிக்கும்போதே எல்லா டப்பாக்களையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டால், டப்பாவுக்கு டப்பா வரும் சின்ன வேறுபாடும் போய்விடும்.

வேற கலர்ல ஒண்ணே ஒண்ணு வைக்கலாமா? ஆரஞ்சு நாற்காலி ஒண்ணு ஆசையா வாங்கி வச்சிருக்கேன்.

உங்கள் வீடு, உங்கள் நாற்காலி. என்ன நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன். பாரிஸில் கோபலன் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறங்கள்தான் அதை அப்படிக் காட்டின என்று கண்டுபிடித்து 1839-ல் விரிவாக எழுதினார். நீல அறையில் வைத்த ஆரஞ்சு நாற்காலி இரண்டு மடங்கு ஆரஞ்சாகத் தெரியும், சுவரும் இன்னும் நீலமாகும். நீங்கள் பாடுபட்டு அமைத்த மெல்லிய ஏற்ற இறக்கம் எதுவும் அப்புறம் கண்ணில் படாது, வருகிறவர் எல்லாரும் நாற்காலியைத்தான் பார்ப்பார்கள். அது வேண்டும் என்றால் வையுங்கள். அலுத்துப்போனால் வேறு அறைக்குத் தூக்கிப் போகலாமே. செடிகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது, பச்சை இலையை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டுல வயசானவங்க இருக்காங்க. எல்லாம் ஒரே கலரா இருக்கிறதால அப்பா படியைத் தவறவிட்டுட்டார். என்ன பண்ணலாம்?

இதை எல்லாரும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பார்வை மங்கியவர்கள் பொருளின் ஓரத்தைக் கண்டுபிடிப்பது வெளிர் கருமை வித்தியாசத்தை வைத்துத்தான். பெயின்ட் நிறுவனங்களின் விவரத் தாளில் எல்ஆர்வி என்று ஒரு எண் இருக்கும். முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100, விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்புகிறது என்ற கணக்கு. பார்வைக் குறைவுள்ளவர்களுக்காக பிரிட்டனில் பின்பற்றும் கட்டட வழிகாட்டலில், சுவருக்கும் தரைக்கும், சுவருக்கும் கதவுக்கும் இடையே 30 புள்ளி வித்தியாசம் கேட்கிறார்கள்.

ஒரே நிறக் குடும்பத்துக்குள்ளேயே 30 புள்ளி சுலபமாகக் கிடைக்கும்: 70 சுவர், 35 தரை. படி விளிம்பில் அடர்த்தியான, வழுக்காத பட்டை ஒட்டுங்கள். சுவிட்ச் பலகை, கைப்பிடி, கழிப்பறை இருக்கை இவற்றையும் சுற்றியுள்ளதைவிட நன்றாக அடர்த்தியாக்குங்கள். சொரசொரப்பு வித்தியாசம் இந்த இடங்களில் போதாது, காலுக்குத் தெரிவதற்குள் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். படிக்கட்டில் மட்டும் விளக்கை மங்கலாக வைக்க வேண்டாம், அங்கே ஒரு சென்சார் விளக்கு போட்டுவிடுங்கள்.